ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் கல்விச் சுற்றுலா

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் கல்விச் சுற்றுலா என்பது, அந்நாட்டில் 6 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்கள் ஆசிரியர்களுடன் பள்ளிக்கு வெளியே சென்று கற்கும் முறையைக் குறிக்கும். ஒரே நாளில் சென்று திரும்பும் பயணம் என்சொக்கு என்றும், ஆறாம் வகுப்பில் இரவு தங்கிச் செல்லும் பயணம் ஷூகாக்கு ரியோக்கோ என்றும் அழைக்கப்படுகின்றன. என்சொக்கு என்னும் சொல் "தொலைவு", "கால்" ஆகிய பொருள் தரும் இரண்டு எழுத்துகளால் ஆனது. தொலைதூர நடை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஷூகாக்கு ரியோக்கோ என்பதற்குக் கல்வி கற்கும் பயணம் என்று பொருள்.

இப்பயணங்கள் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி ஆகும். பயணத்திற்கு முன்னரும் பின்னரும் வகுப்பறையில் நடைபெறும் பாடங்கள் பயணத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதும், வகுப்பு உயர உயரப் பயண எல்லை பள்ளி வளாகத்திலிருந்து படிப்படியாக விரிவதும் இம்முறையின் முதன்மையான இயல்புகள் ஆகும்.

பள்ளி அமைப்பும் பாடத்திட்டமும்

ஜப்பானில் தொடக்கக் கல்வி ஆறு ஆண்டுகளைக் கொண்டது. இதனை அடுத்து மூன்று ஆண்டு நடுநிலைக் கல்வி உண்டு. இவ்விரண்டும் கட்டாயக் கல்வி ஆகும். கல்வியாண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்கி மார்ச் மாதத்தில் முடிவடைகிறது. தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடங்கள் ஆகும். 2023ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 19,000 தொடக்கப் பள்ளிகளும், அவற்றில் ஏறத்தாழ 60 இலட்சம் மாணவர்களும் இருந்தனர்.

கல்வி அமைச்சு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பாடத்திட்ட வழிகாட்டியைத் திருத்தி வெளியிடுகிறது. 2017இல் திருத்தப்பட்ட வழிகாட்டி 2020 முதல் தொடக்கப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தது. மொழி, கணிதம் முதலிய பாடங்களுடன் "சிறப்புச் செயற்பாடுகள்" என்னும் தனிப் பிரிவும் இதில் உண்டு. அப்பிரிவில் அடங்கும் பள்ளி நிகழ்வுகள் ஐந்து வகைப்படும். அவை வருமாறு:

- சடங்கு நிகழ்வுகள் (பள்ளி சேரும் விழா, நிறைவு விழா போன்றவை)
- பண்பாட்டு நிகழ்வுகள்
- உடல்நலம், பாதுகாப்பு, உடற்கல்வி தொடர்பான நிகழ்வுகள்
- பயணமும் கூட்டாகத் தங்குதலும்
- உழைப்பு, தொண்டு தொடர்பான நிகழ்வுகள்

என்சொக்கும் ஷூகாக்கு ரியோக்கோவும் நான்காம் வகையைச் சேர்ந்தவை. இவற்றைத் தவிர, சமூக அறிவியல், அறிவியல் போன்ற பாடங்களுக்காக மேற்கொள்ளப்படும் நேரடிப் பார்வைகளும் உண்டு. அவை அந்தந்தப் பாடத்தின் பாடவேளைகளிலேயே கணக்கிடப்படுகின்றன.

வரலாறு

தொடக்கம்

ஜப்பானின் தற்காலப் பள்ளி முறை 1872ஆம் ஆண்டின் கல்வி ஆணையுடன் தொடங்கியது. அக்காலத்தில் மாணவர்கள் அணிவகுத்து ஆற்றங்கரைக்கோ, கோயில் வெளிக்கோ, திறந்த புல்வெளிக்கோ சென்று, அங்கே ஓட்டப் பந்தயம் முதலிய விளையாட்டுகளை நடத்தித் திரும்பினர். ஆகவே தொடக்கத்தில் பள்ளி விளையாட்டு விழாவும் என்சொக்கும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. பள்ளிகள் தமக்கென விளையாட்டுத் திடல்களைப் பெற்ற பின்னரே இவை இரண்டும் தனித்தனி நிகழ்வுகளாகப் பிரிந்தன.

இரவு தங்கிச் செல்லும் பயணத்தின் முன்னோடியாக, 1886ஆம் ஆண்டு பிப்ரவரியில் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிபா பகுதிக்கு மேற்கொண்ட நெடும்பயணம் குறிப்பிடப்படுகிறது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த மோரி அரிநோரி, படைத்துறை முறையிலான உடற்பயிற்சியைப் பள்ளிகளில் புகுத்தினார். இப்பயணமும் அணிவகுப்புப் பயிற்சியாகவே திட்டமிடப்பட்டது. எனினும், வழியில் இயற்கைப் பொருட்களைச் சேகரித்தல், இடங்களைக் கண்டறிதல் போன்ற கல்விப் பணிகளும் அதில் சேர்க்கப்பட்டன. நாளடைவில் அணிவகுப்பு பின்னுக்குச் சென்றது. கல்விப் பகுதி வளர்ந்தது. தொடர்வண்டிப் பாதைகள் பெருகியமையும் தொலைதூரப் பயணங்கள் பரவ உதவியது.

போர்க்காலமும் அதன் பின்னரும்

1930களில் பயணங்களின் நோக்கம் மாறியது. தேசிய உணர்வை வளர்க்கும் வகையில், ஈசே நகரிலுள்ள பெருங்கோயிலுக்குத் தொடக்கப் பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்வது ஊக்குவிக்கப்பட்டது. போர் முற்றிய 1940களின் முற்பகுதியில் பயணங்கள் பெரும்பாலும் நின்றுபோயின.

போருக்குப் பின் 1947இல் புதிய கல்விச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவ்வாண்டில் சமூக அறிவியல் புதிய பாடமாகச் சேர்க்கப்பட்டது. மாணவர் தம்மைச் சூழ்ந்துள்ள சமூகத்தைத் தாமே ஆராய்ந்து அறிய வேண்டும் என்பது இப்பாடத்தின் அடிப்படை. எனவே கடை, பண்ணை, தொழிற்சாலை போன்ற இடங்களை நேரில் பார்ப்பது வழக்கமாயிற்று. 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் இரண்டு வகுப்புகளில் அறிவியல், சமூக அறிவியல் ஆகிய இரண்டும் நீக்கப்பட்டு, "வாழ்வியல்" என்னும் ஒரே பாடம் 1992 முதல் கற்பிக்கப்படுகிறது. பின்னர், மூன்றாம் வகுப்பு முதல் "ஒருங்கிணைந்த கற்றல்" என்னும் பாடவேளையும் சேர்க்கப்பட்டு, 2002இல் முழு நடைமுறைக்கு வந்தது.

வகுப்பு வாரியாகப் பயண எல்லை

சிறுவர்கள் தமக்கு அருகிலுள்ளதிலிருந்து தொலைவிலுள்ளதை நோக்கிச் செல்லும் வகையில் பாடப்பொருள் அமைக்கப்பட்டுள்ளது. பயணங்களும் இதே வரிசையைப் பின்பற்றுகின்றன.

முதல் வகுப்பு: புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் தமது பள்ளியையே சுற்றிப் பார்க்கின்றனர். மருத்துவ அறை, சமையலறை, தலைமையாசிரியர் அறை ஆகியவற்றுக்குச் சென்று, அங்கு யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு அறிகின்றனர். இதற்குப் "பள்ளி ஆய்வுப் பயணம்" என்று பெயர். அருகிலுள்ள பூங்காவிற்கும் செல்வர்.

இரண்டாம் வகுப்பு: "ஊர் ஆய்வுப் பயணம்" நடைபெறுகிறது. சிறு குழுக்களாகத் தெருக்களில் நடந்து, அஞ்சலகம், ரொட்டிக் கடை, நூலகம் போன்ற இடங்களில் இருப்பவர்களுடன் உரையாடுகின்றனர். பெற்றோர் சிலர் துணைக்குச் செல்வதும் உண்டு.

மூன்றாம் வகுப்பு: சமூக அறிவியல் பாடம் ஆண்டுக்கு 70 பாடவேளைகளுடன் இங்கே தொடங்குகிறது. ஊரின் நிலவரை, கடைகள், விளைபொருள்கள், தீயணைப்பு நிலையம், காவல் நிலையம் ஆகியவை பாடப்பொருள்களாகும்.

நான்காம் வகுப்பு: எல்லை மாகாணம் வரை விரிகிறது. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் குப்பை எரிப்பு நிலையமும் பெரும்பாலான பள்ளிகள் செல்லும் இடங்கள் ஆகும்.

ஐந்தாம் வகுப்பு: நாட்டின் வேளாண்மை, மீன்பிடி, தொழில்துறை ஆகியன கற்பிக்கப்படுகின்றன. தானுந்துத் தொழிற்சாலை, செய்தித்தாள் அலுவலகம், தொலைக்காட்சி நிலையம் போன்றவை பார்க்கப்படுகின்றன. மலையிலோ கடற்கரையிலோ கூடாரமிட்டுத் தங்கும் இயற்கைப் பள்ளியும் பல ஊர்களில் இவ்வகுப்பிலேயே நடைபெறுகிறது.

ஆறாம் வகுப்பு: வரலாறும் ஆட்சிமுறையும் பாடமாவதால், பழந்தலைநகரங்களும் வரலாற்று நினைவிடங்களும் பயண இடங்களாகின்றன.

வகுப்பறையில் முன்னாயத்தம்

பயணம் குறித்த வேலை பல நாட்களுக்கு முன்னரே வகுப்பறையில் தொடங்கிவிடுகிறது. மூன்றாம் வகுப்பு மாணவர்கள் பல்பொருள் அங்காடிக்குச் செல்வதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதலில் ஒவ்வொரு மாணவரும் தமது வீட்டில் எந்தப் பொருள் எந்தக் கடையில் வாங்கப்படுகிறது என்பதைச் சில நாட்களுக்குக் குறித்து வருகின்றனர். அக்குறிப்புகள் வகுப்பறையில் அட்டவணையாகவும் வரைபடமாகவும் மாற்றப்படுகின்றன. பலரும் ஒரே அங்காடிக்குச் செல்வது அதிலிருந்து தெரியவரும். ஏன் அங்கே செல்கின்றனர் என்ற கேள்வி அப்போது எழுகிறது. விலை குறைவு என்பதாலா, எல்லாப் பொருள்களும் ஒரே இடத்தில் கிடைப்பதாலா, வண்டி நிறுத்த இடம் இருப்பதாலா என்று மாணவர்கள் தம் ஊகங்களைப் பட்டியலிடுகின்றனர். இப்பட்டியலே பயணத்தின்போது விடை காண வேண்டிய கேள்வித்தாள் ஆகிறது.

பயணங்களுக்கு ஷியோரி எனப்படும் சிறு கையேடு ஆயத்தம் செய்யப்படுகிறது. இதில் நேர அட்டவணை, வழி வரைபடம், கொண்டுவர வேண்டிய பொருட்கள், குழுவினர் பெயர்கள், பயணத்தின் குறிக்கோள், விதிகள், குறிப்பெழுத வெற்றுப் பக்கங்கள் ஆகியன இருக்கும். மேல் வகுப்புகளில் அட்டைப்படத்தையும் சில பக்கங்களையும் மாணவர்களே வரைந்து எழுதுகின்றனர்.

மாணவர்கள் பொதுவாக நான்கு முதல் ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். குழுத் தலைவர், துணைத் தலைவர், உடல்நலப் பொறுப்பாளர், குறிப்பெழுதுபவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வகுப்பறையைத் தூய்மை செய்தல், மதிய உணவு பரிமாறுதல் ஆகிய அன்றாட வேலைகளையும் மாணவர்கள் குழுக்களாகவே செய்வதால், இவ்வமைப்பு அவர்களுக்குப் புதியது அன்று.

இத்தகைய முன்னாயத்தத்தின் தேவையை ஆய்வுகளும் சுட்டியுள்ளன. அமெரிக்காவில் ஜான் ஃபால்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களின் இறுதியில் மேற்கொண்ட ஆய்வுகளின்படி, முற்றிலும் பழக்கமில்லாத இடத்திற்கு அழைத்துச் செல்லப்படும் சிறுவர்களின் கவனம் அவ்விடத்தின் புதுமையிலேயே செலவாகிறது. கற்க வேண்டிய செய்தி அவர்களிடம் குறைவாகவே சேர்கிறது. எங்கே செல்கிறோம், எவ்வழியே செல்கிறோம், எப்போது உண்போம் என்பன முன்னரே தெரிந்தால் இக்குறை தணியும். ஷியோரி கையேடு இவ்வேலையைச் செய்கிறது எனலாம்.

ஆசிரியர்களும் தனியே ஆயத்தம் செய்கின்றனர். பயண நாளுக்கு முன்னர் அவர்கள் அதே வழியில் சென்று பார்த்து வருவது வழக்கம். சாலையைக் கடக்கும் இடங்கள், கழிப்பறைகள், மழை பெய்தால் ஒதுங்கும் இடம், அருகிலுள்ள மருத்துவமனை ஆகியவை அப்போது குறித்துக்கொள்ளப்படுகின்றன.

பயண நாள்

வழக்கமான முதுகுப் புத்தகப் பைக்குப் பதிலாக, அன்று மாணவர்கள் பயணப் பையுடன் வருகின்றனர். அதில் வீட்டில் செய்த பென்தோ என்னும் உணவுப் பெட்டி, தண்ணீர்க் குடுவை, தரையில் விரித்து அமரும் விரிப்பு, மழையாடை, ஷியோரி ஆகியன இருக்கும். தொடக்கப் பள்ளிகளில் மற்ற நாட்களில் பள்ளியே உணவு வழங்குவதால், வீட்டு உணவைத் தோழர்களுடன் அமர்ந்து உண்பது சிறுவர்களுக்குத் தனி மகிழ்ச்சி தருவதாகும்.

தின்பண்டத்திற்குச் செலவு வரம்பு விதிக்கும் வழக்கமும் பரவலாக உள்ளது. 300 யென் போன்ற ஒரு தொகை குறிக்கப்படும். கொடுத்த தொகைக்குள் கூட்டிக் கழித்துத் தின்பண்டம் வாங்குவது சிறுவர்களுக்குக் கணக்குப் பயிற்சியாகவும் அமைகிறது. வாழைப்பழம் தின்பண்டத்தில் சேருமா, உணவில் சேருமா என்று ஆசிரியரிடம் கேட்பது ஜப்பானில் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் நகைச்சுவை ஆகும். முதல் நாள் இரவு மழை பெய்யாதிருக்க வேண்டி, வெண்துணியாலோ தாளாலோ செய்த சிறு பொம்மையைச் சாளரத்தில் தொங்கவிடும் வழக்கமும் உண்டு.

திரும்பிவந்து பள்ளித் திடலில் கலையும் முன், வீடு போய்ச் சேரும் வரை பயணம் முடியவில்லை என்று தலைமையாசிரியர் நினைவூட்டுவது மரபாகிவிட்டது.

பயணத்திற்குப் பிந்தைய பாடம்

பயணத்தில் சேகரித்தவை மீண்டும் வகுப்பறைக்கு வருகின்றன. அங்காடிக்குச் சென்ற மூன்றாம் வகுப்பினர், காய்கறிகளின் மீது ஒட்டியிருந்த விளைவிட விவரங்களைக் கொண்டு நாட்டு வரைபடத்தில் அவ்விடங்களைக் குறிக்கின்றனர். வெளிநாட்டுப் பெயர்களும் அதில் இருக்கும். முன்னர் எழுதிய ஊகங்களில் எவை சரி, எவை தவறு என்று ஒப்பிடுகின்றனர். பலர் கூட்டாகச் சுவர்ச் செய்தித்தாள் தயாரித்து வகுப்பிலோ நடைவழியிலோ ஒட்டுகின்றனர். கேள்விகளுக்கு விடையளித்த பணியாளர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவது மொழிப் பாடத்தில் இடம்பெறுகிறது.

குப்பை எரிப்பு நிலையத்தைப் பார்த்த நான்காம் வகுப்பினர், பள்ளியிலும் வீட்டிலும் சேரும் குப்பையைக் கணக்கிட்டு, அதைக் குறைக்கும் வழிகளை முன்வைக்கின்றனர். ஓர் ஊர் நாள்தோறும் எவ்வளவு குப்பையை எரிக்கிறது என்பது பாடநூலில் வெறும் எண்ணாக இருக்கும். ஆழமான குழியில் குவிந்து கிடக்கும் குப்பையைப் பெரும் பளுதூக்கி அள்ளுவதைக் கண்ட பின்னர் அவ்வெண்ணின் அளவு மாணவர்களுக்கு விளங்குகிறது.

ஷூகாக்கு ரியோக்கோ

தொடக்கப் பள்ளியின் இறுதியாண்டில் நடைபெறும் இப்பயணம் பொதுவாக ஓர் இரவு, இரண்டு நாட்களைக் கொண்டது. பள்ளி அமைந்துள்ள பகுதியைப் பொறுத்துச் செல்லுமிடம் மாறுபடும். டோக்கியோவைச் சூழ்ந்த பகுதிப் பள்ளிகள் நிக்கோ, கமாக்குரா, ஹாக்கோனே ஆகிய இடங்களுக்குச் செல்வது வழக்கம். நடுப்பகுதிப் பள்ளிகள் பலவும் நாரா, கியோத்தோ நகரங்களுக்குச் செல்கின்றன. ஒசாக்கா பகுதிப் பள்ளிகள் பல ஹிரோஷிமாவிற்கோ ஈசேவிற்கோ செல்கின்றன. டோக்கியோ நகரின் வட்டங்கள் சிலவற்றில் இத்தகைய பயணத்திற்கு "இடம்பெயரும் வகுப்பறை" என்றே பெயர் வழங்குகிறது.

நாராவின் தோதாய்ஜி கோயிலில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள புத்தர் வெண்கலச் சிலை உள்ளது. அச்சிலையின் மூக்குத் துளை அளவுள்ளது என்று சொல்லப்படும் ஒரு துளை அக்கோயில் தூண் ஒன்றின் அடியில் இருக்கிறது. அதனுள் சிறுவர்கள் ஊர்ந்து வெளிவருவது புகழ்பெற்ற காட்சி ஆகும். எட்டாம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட சிலையின் அளவை உடலால் அறிந்துகொள்ள இது உதவுகிறது.

ஹிரோஷிமாப் பயணம் அமைதிக் கல்வியின் பகுதி ஆகும். 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வீசப்பட்டபோது இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த சடாக்கோ சசாக்கி, 1955இல் இரத்தப் புற்றுநோயால் தமது 12ஆம் வயதில் இறந்தார். ஆறாம் வகுப்பு மாணவரின் வயதும் ஏறத்தாழ அதுவே. அவருடைய வகுப்புத் தோழர்கள் தொடங்கிய முயற்சியால் 1958இல் அங்கே சிறுவர் அமைதி நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. ஹிரோஷிமா செல்லும் பள்ளிகள் பலவற்றில், மாணவர்கள் தாளில் கொக்குகளை மடித்து, நூலில் கோத்து, அங்கே கொண்டுசென்று வைக்கின்றனர்.

பாதுகாப்பு

சிறுவர்களைப் பள்ளிக்கு வெளியே அழைத்துச் செல்வதில் உள்ள பொறுப்பை இரண்டு நிகழ்வுகள் ஜப்பானுக்கு உணர்த்தின.

1955 மே 11 அன்று, ஊனோ - தக்காமட்சு இடையே ஓடிய ஷியுன் மாரு என்னும் பயணக் கப்பல், மூடுபனியில் மற்றொரு கப்பலுடன் மோதி மூழ்கியது. இறந்தவர்கள் 168 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஷூகாக்கு ரியோக்கோ சென்றிருந்த தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஆவர். நீந்தத் தெரியாமையால் பல சிறுவர்கள் உயிரிழந்தனர் என்பது நாட்டை உலுக்கியது. பள்ளிகளில் நீச்சல் குளங்கள் கட்டப்பட்டு, நீச்சல் பயிற்சி பரவியதற்கு இவ்விபத்தும் ஒரு காரணமாயிற்று. அக்கடலின் குறுக்கே பாலம் வேண்டும் என்ற கோரிக்கையும் இதனால் வலுப்பெற்றது. செத்தோ பெரும்பாலம் 1988இல் திறக்கப்பட்டது.

2018 ஜூலையில் கடும் வெப்பம் நிலவிய ஒரு நாளில், ஐச்சி மாகாணத்தில் முதல் வகுப்பு மாணவர்கள் பூச்சிகளைப் பார்ப்பதற்காக ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூங்காவிற்கு நடந்து சென்று திரும்பினர். அவர்களில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பத் தாக்கத்தால் உயிரிழந்தான். திரும்பிய பின் அவன் இருந்த வகுப்பறையில் குளிரூட்டி இல்லை. அவ்வாண்டிலேயே அரசு பள்ளி வகுப்பறைகளில் குளிரூட்டி அமைப்பதற்குச் சிறப்பு நிதி ஒதுக்கியது. 2018 செப்டம்பரில் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி வகுப்பறைகளில் பாதியைச் சற்றே கடந்த அளவில்தான் குளிரூட்டி இருந்தது. 2020இல் அது பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேலாக உயர்ந்தது. வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதும், பயணங்களை வசந்த, இலையுதிர் காலங்களில் வைத்துக்கொள்வதும் வலியுறுத்தப்படுகின்றன.

செலவும் சமவாய்ப்பும்

கட்டாயக் கல்வியில் பாடநூல்களும் கல்விக் கட்டணமும் இலவசம் என்றாலும், பயணச் செலவைப் பெற்றோரே ஏற்கின்றனர். பெரும் பயணத்திற்கான தொகையைப் பல பள்ளிகள் மாதந்தோறும் சிறிது சிறிதாகத் திரட்டி வைக்கின்றன. பணம் இல்லாமையால் ஒரு மாணவர் மட்டும் பின்தங்கிவிட்டால், பயணத்தைச் சுற்றி அமைந்த பாடங்களிலிருந்தும் அவர் விலகி நிற்க நேரிடும். எனவே, 1947ஆம் ஆண்டுப் பள்ளிக் கல்விச் சட்டம், பொருளாதார இடர்ப்பாடுள்ள குடும்பங்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் உதவ வேண்டும் என்று விதிக்கிறது. இவ்வுதவியில் ஷூகாக்கு ரியோக்கோ செலவும் அடங்கும். 2020களின் தொடக்கத்தில் தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இவ்வுதவியைப் பெற்றனர். உதவியின் அளவும் தகுதி வரம்பும் ஊருக்கு ஊர் மாறுபடுவது ஒரு குறையாகக் கூறப்படுகிறது.

விமர்சனங்கள்

இப்பயணங்களில் சில வழக்கமாகிப்போய், பொருள் இழந்துவிட்டன என்ற விமர்சனம் உண்டு. ஆண்டுதோறும் அதே ஊர், அதே விடுதி, அதே நினைவுப் பொருள் கடை என்று அமைந்தால், மாணவர்கள் சுற்றுலாப் பயணிகளாகவே திரும்புகின்றனர் என்பது இதன் சாரம். முன்னாயத்தமும் பயணமும் ஆசிரியர்களின் ஏற்கெனவே மிகுந்த பணிச்சுமையைக் கூட்டுகின்றன. குழு ஒழுங்கை மிகுதியாக வலியுறுத்துவதால், ஒரு மாணவர் தமக்குப் பிடித்த ஒன்றின் முன் நின்று பார்க்க நேரம் கிடைப்பதில்லை என்றும் கூறப்படுகிறது.

கொரோனாத் தொற்றுக் காலம்

2020 மார்ச் தொடக்கத்தில் அரசின் வேண்டுகோளுக்கு இணங்க நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் பல பள்ளிகள் பயணங்களைக் கைவிட்டன. வேறு பல பள்ளிகள் தொலைதூர நகரங்களைத் தவிர்த்து, தமது மாகாணத்திற்குள்ளேயே ஒரு நாள் பயணத்தை ஒழுங்கு செய்தன. உள்ளூர்க் கோட்டை, பழைய சுரங்கம், அருங்காட்சியகம் போன்று, அருகில் இருந்தும் அதுவரை கவனிக்கப்படாத இடங்கள் அப்போது பாடங்களில் இடம்பெற்றன. கட்டுப்பாடுகள் தளர்ந்த பின் தொலைதூரப் பயணங்கள் மீண்டும் தொடங்கின.